பதினொன்றாம் வகுப்புக்கு வழி சொல்பவர்

மும்பையில் மழையை ஒட்டி வெளியே வரும் ஓர் உயிரினம் உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று சந்துக்குள் புறப்படும். பிள்ளை தேறிய வீடு எது என்று மோப்பத்திலேயே கண்டுபிடிக்கும். டீ வந்ததும் உட்காரும், டீ தீர்ந்தாலும் எழாது. அட்மிஷன் ஆலோசகர் என்று பெயர். அவர் என்ன படித்திருக்கிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எங்க காலம் வேற" என்பார்.

தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. அன்று அவர் உட்கார்ந்திருந்தது ஹபீபாவின் வீட்டில்; அவளுக்கு அவர் மாமா முறை. ஹபீபாவுக்கு வக்கீலாக வேண்டும். மாட்டுங்காவில் பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு ஜூனியர் காலேஜ், அதில் ஆர்ட்ஸ், போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பியாகிவிட்டது. ஆறு மணிக்குள் அதை உறுதிசெய்யும் 'லாக்' பட்டனை அழுத்த வேண்டும். விட்டால் அடுத்த சுற்றில் மிச்சம் மீதிதான். அழுத்தியிருப்பாள். ஆனால் போன் மாமாவின் கையில் இருந்தது. "கொண்டா புள்ள, சரியா போட்டிருக்கியான்னு பாக்கேன்" என்று வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால்தானே?

தட்டிலிருந்த மொறுமொறு காரி பிஸ்கட்டுகளை அடுக்கி நாட்டின் கல்வி முறையையே விளக்கிக்கொண்டிருந்தார். இது பத்தாவது, இந்தப் பக்கம் பிரிந்தால் ஐ.டி.ஐ., அந்தப் பக்கம் டிப்ளமோ. நேரே போனால் சயன்ஸ், காமர்ஸ், ஆர்ட்ஸ், அப்புறம் நுழைவுத் தேர்வு, டிகிரி, அதற்கும் மேலே மாஸ்டர் டிகிரி, தட்டில் இடம் போதாமல் பாயில் தனியே கிடப்பது பி.எச்டி.

"சயன்ஸ்ங்கிறது கல்யாண் ஃபாஸ்ட் ரயிலு மாதிரி, கேட்டியா? ஏறுனா சர்ருனு போயிரலாம்."

"ஃபாஸ்ட் நம்ம சயான் ஸ்டேஷன்ல நிக்காதுல்லா மாமா. நாம எங்க ஏற?"

"எதுத்துப் பேசாதளா. ஆர்ட்ஸெல்லாம் ஒரு படிப்பா?" ஆர்ட்ஸை எடுத்து டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஹபீபாவின் உம்மா பேகத்துக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நேரமாவுது. போனக் குடுத்துருங்க."

"அரே, டென்ஷன் மத் லோ, கவலப்படாத தங்கச்சி. நான் இருக்கேம்லா!"

அதுதானே டென்ஷன்!

அவருடைய சொந்தப் போன் சட்டைப் பையில் அலறியது. மகன் அர்பாஸ். அவனும் இந்த வருஷம்தான் பத்தாவது முடித்தவன். "முக்கியமான வேலையில இருக்கேன், பொறவு பேசுல!" என்று வைத்தார். மறுபடி அலறியது. வைத்தார். ஆறு மணி ஆகப்போகிறது. மறுபடி அலறியது.

"எடுங்க மாமா, பாவம் அவன்" என்றாள் ஹபீபா. எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வாப்பா! அட்மிஷன் பாஸ்வேர்ட் மறந்துட்டு! ஒங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க!"

ஓடிபியைப் படிக்க இரண்டு கையும் வேண்டும்: போனுக்கு ஒன்று, மூக்குக் கண்ணாடிக்கு ஒன்று. ஹபீபாவின் போன் பாயில் இறங்கியது, பி.எச்டி.க்குப் பக்கத்தில். பாய்ந்தாள். அழுத்தினாள். லாக்!

மாமா கவனிக்கவேயில்லை. எண்களை ஒவ்வொன்றாகக் கத்தி முடித்து, "போட்டாச்சால?" என்றார்.

"போட்டாச்சு வாப்பா."

"எதப் போட்ட?"

அர்பாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"ஆர்ட்ஸ்."

பேகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹபீபாவுக்குப் பொத்திக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்து வீடு வரை கேட்கச் சிரித்தாள்.

மறுநாள் சந்து முழுக்க ஜெயினுலாப்தீன் சொல்லிக்கொண்டு போனார்: "ரெண்டு புள்ளைகளும் ஆர்ட்ஸ். நம்ம யோசனதான். இப்ப அதுக்குத்தான் மவுசு!"

நீங்களும் சிரித்தீர்களா? நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: நடுவில் எங்கேயோ, 'இந்தப் பெண் காமர்ஸ் எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா? உட்காருங்கள், டீ வரும். போனை மட்டும் கேட்காதீர்கள்.