முடிச்சூர் அறியாமைக் கணக்கெடுப்பு

நோயை ஒழிப்பவர்கள் டாக்டர்கள் என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு. பாவம், அவர்கள் நல்ல படிவம் ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. 1988-ஆம் ஆண்டில், மாடு கன்றிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் எல்லாம் தாம்பரம் வட்டாரத்தில் கதிகலங்கி நின்றதற்குக் காரணம், அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம்தான். அதைத் தோள்பையில் சுமந்து வீடு வீடாகப் போன மகான் பெயர் சுந்தரராமன்.

சும்மா சொல்லக் கூடாது, கண்ணியமான மனிதர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலனியில் சொந்த வீடு, மனைவி லோகநாயகி, கல்லூரிக்குப் போகும் ஒரே மகள். 'கால்நடைவழி நோய்த்தடுப்பு விழிப்புணர்வு அளவீட்டுத் திட்ட'த்தில் களப்பணியாளர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சினைமாடு கன்று போட்டுவிடும்.

திட்டத்தின் உயிர்நாடி ஒன்பதாம் விதி: 'பதிலளிப்பவரின் அறியாமையைக் கணக்கெடுப்பாளர் எக்காரணம் கொண்டும் கலைக்கக் கூடாது.' முதல் சுற்றில், ஜனங்களுக்கு எவ்வளவு தெரியவில்லை என்று எண்ணுவார்கள். ஆறு மாதம் கழித்துத் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். பிறகு மறுபடி எண்ணி, 'பார்த்தீர்களா, தெரிந்துகொண்டுவிட்டார்கள்' என்று அறிவிப்பார்கள். நடுவில் எவனாவது வாயைத் திறந்து தொலைத்தால் திட்டமே குட்டிச்சுவர். பிரசுரங்கள் அச்சாகி, சணல் கட்டி, ஆபீஸ் மாடியறையில் கிடந்தன. யாரும் அவசரப்பட்டுப் படித்துவிடாதபடி அறைக்குப் பூட்டும் போட்டிருந்தார்கள்.

முடிச்சூரில் கிளியம்மாள் வீட்டுக்கு அவர் போனது ஒரு புதன்கிழமை. மூன்று மாடு வைத்து அவர் காலனிக்குப் பால் ஊற்றுகிறவள்.

"அட, லோகநாயகி அம்மா வூட்டு சாரா! வா சார், குந்து."

சுந்தரராமன் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். "கேள்வி பதினேழு. உங்கள் கால்நடைகள் தற்சமயம் நலமாக உள்ளனவா?"

"எங்க சார்! செவலைக்கு நாலு நாளா ஒடம்பே சரியில்ல. தண்ணி குடிக்க மாட்டேங்குது. வாயெல்லாம் எச்சியா ஊத்துது, அடித்தொண்டைல கத்திகினே கீது. முள்ளு கிள்ளு மாட்டிகிச்சோன்னு கைய உள்ள வுட்டுப் பாத்தேன். ஒண்ணியும் காணோம். பல்லு பட்டுக் கை கியிஞ்சதுதான் மிச்சம்."

கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேல் மூன்று ஆழமான கீறல், மஞ்சள் அப்பியிருந்தது.

"கேள்வி பதினெட்டு. அண்மையில் நாய் ஏதேனும் கடித்ததா?"

"போன மாசம் ஒரு சொறிநாயி செவலைய மூஞ்சாண்ட கவ்விட்டு ஓடிச்சு. ஏன் சார், அதுக்கு இன்னா?"

அதுக்கு என்ன என்று சுந்தரராமனுக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால், பூட்டின அறையில் இருந்த பிரசுரத்துக்குப் பிழை திருத்தியவரே அவர்தான். மூன்றாம் பத்தி அவருக்கு மனப்பாடம்: 'நாய் கடித்த மாடு எச்சில் ஒழுகக் கத்தினால் அது வெறிநோயாக இருக்கலாம். அதன் வாயில் கை விட்டவர் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது.' அதில் 'மறுந்து' என்று இருந்ததை 'மருந்து' ஆக்கியதற்காக அவருக்குப் பாராட்டுக்கூட வந்தது.

"கேள்வி பத்தொன்பது," என்றார். "மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் நோய் ஏதேனும் ஒன்றைக் கூற முடியுமா?"

"மாட்டுலேந்து மனுசனுக்கு இன்னா சார் வரும்? பாலுதான் வரும்."

'தெரியாது' என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் விழுந்தது.

"சார், நீ படிச்சவரு. இந்தக் கைக்கு எதுனா வைத்தியம் பண்ணணுமா?"

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அரசாங்க வளர்ப்பு வீண்போகுமா! விழுங்கிவிட்டார். "நான் கேள்வி கேக்க மட்டும்தாம்மா வந்திருக்கேன்."

"அதுவும் சர்தான். நீ ஒண்ணியும் கவலைப்படாத சார். உங்க வூட்டுக்கு ஊத்தறது செவலை பாலுதான். நேத்து வரைக்கும் கொறையில்லாம கறந்துச்சு."

மீதி நாற்பத்தைந்து கேள்விகளை அவர் எப்படிக் கேட்டு முடித்தார் என்பது அவருக்கே தெரியாது. லோகநாயகி தினமும் காய்ச்சாத பாலைச் சுவாமிக்கு நைவேத்தியம் செய்து, மூவருக்கும் ஆளுக்கொரு ஸ்பூன் கொடுப்பவள். அன்று சாயங்காலமே ஆட்டோ வைத்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. இதில் விதிமீறல் எதுவும் இல்லை. அவர் குடும்பம் கணக்கெடுப்பிலேயே கிடையாது; அங்கே அறியாமையைத் தாராளமாகக் கலைக்கலாம்.

மனசாட்சி இல்லாதவர் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். மறுநாளே வயிற்றைப் பிடித்தபடி திட்ட அலுவலர் ஸ்ரீரங்கன் முன்னால் போய் நின்றார்.

"அந்த அம்மா கிட்ட மட்டும் சொல்லிடலாமா சார்? உயிர் விஷயம்."

"யோவ், சொல்லிட்டா அவங்க 'தெரிந்தவர்' ஆயிடுவாங்க. அப்புறம் நம்ம பிரசுரத்துக்கு என்னய்யா மரியாதை? நாளைக்கு ஆடிட்ல கேட்டா நீயா பதில் சொல்வ?"

"பாவமா இருக்கு சார்."

"எனக்கு மட்டும் இல்லையா? முறைப்படி எழுதிக் குடு. மேலிடத்துக்கு அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தார். காலனி வழியாகக் கிளியம்மாள் பால் கேனோடு போகும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். 'செவலை செத்துப் போச்சு சார், வேற மாட்டுப் பால் ஊத்தட்டா?' என்று அவள் வாசலில் கேட்டபோது, பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டதாக லோகநாயகியைச் சொல்லச் சொன்னார். மேலிடமும் சும்மா இருக்கவில்லை. ஐம்பத்தோராம் நாள் பதில் வந்தது: 'மேற்படி ஒரு நபரின் அறியாமையை மட்டும், இதை முன்னுதாரணமாகக் கொள்ளாமல், கலைக்கலாம்.' கிளியம்மாள் இறந்து அன்றைக்கு எட்டு நாள் ஆகியிருந்தது.

இரண்டாம் சுற்று வந்தது; பிரசுரங்கள் மட்டும் பூட்டின அறையை விட்டு இன்னும் வரவில்லை. இப்போது பதில் சொல்ல வேண்டியவன் அவள் புருஷன் ஜெயவேலு. முகம் சவரம் காணாமல் கிடந்தது.

"கேள்வி பத்தொன்பது. மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் நோய்..."

"வெறிநோயி சார்."

"அறிகுறி?"

"எச்சி ஊத்தும். தண்ணி எறங்காது. தண்ணியக் கண்டாலே அலறும். மனுசாளுக்கும் அப்டித்தான் சார்" என்றான்.

"தடுக்கும் முறை?"

"அன்னிக்கே ஊசி போட்டுகினும்."

ஒன்றுகூடத் தப்பில்லை. பிரசுரமே கொடுக்காமல் நூற்றுக்கு நூறு! சுந்தரராமன் பக்கத்தைப் புரட்டினார். "இதை உங்களுக்குத் தெரியவைத்தவர் யார்?"

"ஆஸ்பத்திரி கம்பவுண்டரு ஏசுபாதம். அவள கட்டிலோட தூக்கிகினு போனேன். 'முடிச்சூர் செவலை மாடா? அந்தப் பால ஒரு ஸ்பூன் குடிச்சதுக்கே காலனி சாரு ஒருத்தரு குடும்பத்தோட பதினாலு ஊசி போட்டுகினு போயி ஒண்ற மாசம் ஆவுதேய்யா, வாயில கைய வுட்டவள இப்ப தூக்கியாறியே'ன்னு தலைல அடிச்சிகினாரு. அந்த சாரு யாருன்னு நான் அவர கேக்கல. உன்னியும் கேக்கல. எய்திக்கோ சார்."

சுந்தரராமன் எழுதிக்கொண்டார். அரசாங்க அறிக்கையில் உண்மையே வராது என்று சிலர் புலம்புகிறார்கள். வழவழ காகிதத்தில் அச்சான அந்த இறுதி அறிக்கையை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். பக்கம் நாற்பதில் இருக்கிறது: 'கிளியம்மாள் குடும்பத்தினர் வெறிநோயைப் பற்றி முழுமையாக அறிந்துகொண்டதற்குக் களப்பணியாளர் சுந்தரராமன் ஒருவரே காரணம்.'

அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.