கொஞ்சம் இரு, வெயில் வந்துடும்

மனிதர்களில் ‘கொஞ்சம் இரு’ என்றொரு இனம் உண்டு. கழுத்தில் கேமரா, தோளில் மடக்கிய முக்காலி, மூக்கு நுனியில் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு சொட்டு மழை, வாயில் எப்போதும் அந்த ஒரே வாசகம்: “கொஞ்சம் இரு, வெயில் வந்துடும்.” இந்த இனம் உலகமெங்கும் காணப்படும். ஆனால் கொழுத்து வளர்வது வடக்கே குளிர்கடல் நடுவே கிடக்கும் எங்கள் பாரோத் தீவுகளில்தான். ஏன் தெரியுமா? இங்கே வெயில் வரவும் செய்யும். லென்ஸ் மூடியைக் கழற்றுவதற்குள் போகவும் செய்யும். வெயிலே வராத ஊராக இருந்தால் இந்த இனம் என்றைக்கோ மனம் உடைந்து அழிந்திருக்கும். எப்போதும் அடிக்கும் ஊராக இருந்தால் பிறந்தே இருக்காது.

கப்பலில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பாவம், அருவியைப் பார்ப்பார்கள், எடுப்பார்கள், தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் சொல்வது உள்ளூர் ரகம். ஃபொஸ்விக் கிராமத்து ட்ரோண்டர் மாதிரி.

அருவியைப் பார்த்தபடியே பிறந்தவர் அவர். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் அருவி. பாறை விளிம்பிலிருந்து நேரே கடலில் குதிக்கும் அருவி. காற்று பலமாக அடித்தால் குதிக்காது, மேலே போகும். ஒரு குளிர்காலத்தில் விழுந்த தண்ணீரைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் மலைமேல் கொட்ட, அது மறுபடி ஓடிவந்து விழ, மறுபடி காற்று தூக்க, ஒரு வாரம் முழுக்க ஒரே தண்ணீரே விழுந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் ஃபொஸ்விக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இப்படிப்பட்ட அருவியை இருபது வருஷமாகப் படமெடுத்தும் அவருக்கு அது சரியாக அமையவில்லை. அருவி சரியாக இருந்தால் மேகம் சரியில்லை. மேகம் சரியானால் கடல் முகம் திருப்பிக்கொண்டது. மூன்றும் இசைந்து வந்த அன்று லென்ஸில் ஒரு துளி. துடைக்கத் துணி தேடினார். கைக்குட்டை நனைந்திருந்தது, சட்டை நுனி நனைந்திருந்தது, கடைசியில் மனைவியின் கழுத்துத் துண்டைக் கழுத்தோடு சேர்த்து இழுத்தார். துடைத்து நிமிர்ந்தால் ஆலங்கட்டி மழை.

இந்த இனத்தின் வீட்டுக்கு நீங்கள் விருந்துக்குப் போயிருக்கிறீர்களா? போனால் காப்பி ஆறிவிடும், படம் தீராது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை. படத்தில் இருப்பதைப் பற்றியல்ல, இல்லாததைப் பற்றி. “இந்த மேகம் மட்டும் ரெண்டு விரல் நகர்ந்திருந்தா…” என்பார். “இதுக்கு அடுத்த நிமிஷம் இருந்துச்சு பாரு வெளிச்சம்…” என்பார். நீங்களே நேரில் வந்து அருவியைப் பார்த்து வாயைப் பிளந்தாலும் விடமாட்டார். “நீங்க நேத்து வந்திருக்கணும்.” நேற்று வந்தவரிடமும் அதைத்தான் சொன்னார்.

மனிதர்களை அவர் எடுப்பதில்லை. மனிதர்கள் நகர்கிறார்கள், பேசுகிறார்கள், குளிருகிறது என்கிறார்கள். கல்யாணமான புதிதில் மனைவி சுன்வாவுக்கு அவர் நல்ல சிவப்பில் ஒரு மழைக்கோட்டு வாங்கித் தந்தார். அவள் அதைக் காதல் என்று நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அருவி எவ்வளவு உயரம் என்று காட்ட அதன் காலடியில் ஒரு சிவப்புப் புள்ளி தேவைப்பட்டிருக்கிறது. கல்யாணத்தன்றே அவளைப் பாறை விளிம்பில் நிறுத்திவிட்டு மேகம் விலகக் காத்திருந்தவர்தானே! தேவாலயத்திலிருந்து வந்த கூட்டம் விருந்தைச் சாப்பிட்டு முடித்து ஆட்டமும் ஆடத் தொடங்கிவிட்டது. மணப்பெண்ணின் முகத்திரை காற்றில் பறந்து ஐஸ்லாந்துப் பக்கம் போயிற்று. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு படகுக்காரன் அதைப் பாயாகக் கட்டிக்கொண்டு எண்ணெய்ச் செலவில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தான் என்று சொல்கிறார்கள்.

இதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டது. ஆடு விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் மலையெங்கும் மேயும் ஆடுகளைக் கீழே பட்டிக்கு ஓட்டிவர வேண்டும். நாயும் ஆளுமாக ஊரே சங்கிலி போல நின்று ஓட்டும். ஆடு நழுவக்கூடிய ஒவ்வொரு சந்திலும் ஒருவர் கையை விரித்து நிற்க வேண்டும். ஒரு சந்து விட்டுப்போனால் போதும், ஓர் ஆடு கண்டுபிடிக்கும், மொத்த மந்தையும் அதன் பின்னால் போகும், அன்றைய உழைப்பு அவ்வளவும் மலையேறிவிடும். அதனால் ஃபொஸ்விக்கில் ஒருவருக்கு வரிசையில் இடம் இருக்கிறது என்றால் அவர் மனிதர். இல்லை என்றால் பட்டியடியில் கிழடுகளோடு உட்கார்ந்து காப்பி போடுபவர்.

போன வருஷம் ட்ரோண்டருக்கு அருவிமேட்டுச் சந்து. ஆடுகள் இறங்கி வந்தபோது அவர் முக்காலிக்குப் பின்னால் குனிந்திருந்தார். அவருடைய இடப்பக்கம் பாதி மந்தை, வலப்பக்கம் பாதி மந்தை, நடுவில் நின்று ஒரு கிடா அவர் பையிலிருந்த ரொட்டியைத் தின்றது. அவர் நிமிரவில்லை. தப்பிய மந்தையை மறுபடி ஓட்டியபோது அவரை அங்கே விடவில்லை. அவருடைய பழைய மழைக்கோட்டை ஒரு வேலிக்கம்பில் மாட்டி நிறுத்தினார்கள். அதைத் தாண்டி ஒரு குட்டிகூடப் போகவில்லை.

மழைக்கோட்டுக்குக் கிடைத்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை என்பது மனிதரை அரித்துத் தின்றது. இந்த வருஷம் சுன்வா, ஆடு ஓட்டுவதற்குத் தலைமை தாங்கும் தன் அண்ணன் ஹெரால்வரிடம் போய் நின்றாள்.

“அண்ணே, அவருக்கு அந்தச் சந்தைத் திருப்பிக் குடு.”

“மழைக்கோட்டு என்ன பாவம் பண்ணுச்சு?”

“விளையாடாத. அவரு நிப்பாரு. நான் பொறுப்பு.”

“நீ பொறுப்பா? சரி. இந்தத் தடவை விட்டாருன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து உன் புருஷன் காப்பிச் சட்டிக்கிட்டதான். சாகுற வரைக்கும். அப்புறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தாத.”

ஆடு ஓட்டும் நாளன்று காலை வாசலில் அவள் அவரைச் சோதனை போட்டாள். பையிலிருந்து பெரிய கேமரா வந்தது. ரொட்டி டப்பாவிலிருந்து சின்னது வந்தது. கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து ஒரு லென்ஸ் வந்தது.

“ஏய்யா, இது எதுக்கு?”

“தலைக்குச் சூடா இருக்கும்னு.”

“ஃபோனை மட்டும் வெச்சுக்க. அண்ணன் கூப்புடும். அருவியைத் திரும்பிப் பார்க்காத. பார்த்தா உனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். முதுகைக் காட்டிட்டு நில்லு.”

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கீழே கடல், பின்னால் அருவி, முன்னால் மலை, மலையை மூடி மூடுபனி. பட்டிக்கு இந்தப்பக்கம் அவர் சந்து. அதற்கு மேலே, பாறைத் திட்டையொட்டி அடுத்த சந்து. அதில் ஹெரால்வர். அந்த இடத்தை அவர் யாருக்கும் தரமாட்டார். முதலில் மழை பெய்தது. பிறகு ஆலங்கட்டி. பிறகு எதுவுமே பெய்யாமல் ஒரு மாதிரி அமைதி. ட்ரோண்டரின் பிடரி மயிர் சிலிர்த்தது. அந்த அமைதி என்னவென்று அவருக்குத் தெரியும்.

ஃபோன் அடித்தது. “மாப்ளே, வருது. நிக்கிறியா?”

“நிக்கிறேன் மச்சான்.”

“எந்தப் பக்கம் பார்த்து?”

“ஆட்டுப் பக்கம்தான்! என்ன மச்சான் நீ!”

பனி கிழிந்தது. மந்தை இறங்கியது, நனைந்த கம்பளியும் குளம்புச் சத்தமும் நாய்க் குரைப்புமாக. அதே நேரம் அவர் முதுகுக்குப் பின்னால் வெயில் வந்தது.

அவர் பார்க்கவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அவருடைய நிழல் திடீரென்று மலைமேல் ஓடி நீண்டது. புல் நுனியெல்லாம் தீப்பிடித்தது. முன்னால் வந்த ஆடுகளின் ஈர முகங்கள் தேன் நிறமாயின. அந்த நிறத்தைப் பார்த்தே சூரியன் எங்கே நிற்கிறது, காற்று அருவியை எவ்வளவு தூக்கியிருக்கிறது, தெறிக்கும் ஒவ்வொரு துளிக்குள்ளும் வெயில் எப்படிப் புகுந்திருக்கிறது என்று அவரால் சொல்லிவிட முடியும். மேகம் அதன் இடத்தில் இருந்தது. கடல் அதன் இடத்தில் இருந்தது. அவர் மட்டும்தான் இடம் மாறி நின்றார். இருபது வருஷம் காத்திருந்த அந்த நிமிஷம் வந்து அவர் தோளைத் தட்டுகிறது. திரும்பு, ஒரே தரம், ஃபோனாலாவது.

அவர் கையை விரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய, காது சிவக்க, தொண்டை கிழிய “ஹோய்! ஹோய்!” என்று கத்தினார். முன்னால் வந்த கிடா நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தது. மழைக்கோட்டைவிட இவர் பரவாயில்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பிற்று. மந்தையும் திரும்பிற்று. மேலே, அடுத்த சந்தை நோக்கி. அங்கேயும் ஒருவர் கையை விரித்து மடக்கிவிட்டால் நேரே பட்டிதான்.

அங்கே ஹெரால்வர் நின்றுகொண்டிருந்தார். கடலைப் பார்த்து. ஃபோனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து. வாயைத் திறந்து.

ஆடுகள் அவருடைய இடப்பக்கமும் வலப்பக்கமும் போயின. ஒரு குட்டி மட்டும் அவர் காலிடுக்கில் புகுந்து போயிற்று. நாய்கள் உட்கார்ந்து அவரைப் பார்த்தன. எல்லாம் முடிந்து, மலைமுகட்டில் கடைசி ஆட்டின் பின்புறமும் மறைந்த பிறகு பனி மறுபடி இறங்கியது.

சுன்வாதான் முதலில் ஓடி வந்தாள். நேராகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அண்ணனை.

“அண்ணே!”

“ஒரே நிமிஷம்தான் சுன்வா… அப்படி ஒரு வெளிச்சம்… கொஞ்சம் இருந்து பார்க்கலாம்னு…”

“காப்பிச் சட்டி யாருக்குண்ணே?”

சுற்றி ஊர் கூடிவிட்டது. ஹெரால்வர் ஃபோனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ட்ரோண்டர் மெல்ல மேடேறி வந்தார். ஒரு வருஷமாக மழைக்கோட்டின் பேரைச் சொல்லிச் சிரித்தவரை ஒரே சொல்லில் குழிதோண்டிப் புதைக்கும் வாய்ப்பு. எல்லோரும் காதைத் தீட்டினார்கள்.

“காட்டு மச்சான்,” என்றார் ட்ரோண்டர்.

காட்டினார். கடல் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டப் பார்த்தது. அருவி இருக்க வேண்டிய இடத்தில் ஹெரால்வரின் கட்டைவிரல் இருந்தது. மிச்சமிருந்த இடத்தில் லென்ஸில் விழுந்த ஒரு மழைத்துளி.

ட்ரோண்டர் அதை வெகுநேரம் பார்த்தார். “அவசரப்பட்டுட்ட மச்சான். அந்த மேகம் இன்னும் ரெண்டு விரல்…”

“அதான்! நானும் அதைத்தான் நினைச்சேன்!” என்றார் ஹெரால்வர், உயிர் வந்தவராக. “மறுபடி வருமா?”

“கொஞ்சம் இரு.”

இரண்டு பேரும் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஊர், ஆட்டுக்கு மறுபடி மலையேறியது. அடுத்த வருஷம் ட்ரோண்டரின் சந்து ட்ரோண்டருக்கே என்று யாரும் சொல்லாமலே முடிவாயிற்று. ஹெரால்வர் பட்டியடியில் காப்பி போடுவார். அவருக்கு வருத்தமில்லை என்று கேள்வி. பட்டியடியிலிருந்து பார்த்தால் அருவி நன்றாகத் தெரியுமாம். முக்காலிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இந்த இனம் பெருகும் முறை இதுதான். இவர்கள் பிள்ளைகளெல்லாம் கேமராவைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகள். கேலி செய்பவர்களிடமிருந்துதான் பெருகுகிறது. நீங்கள்கூட இவ்வளவு நேரம் நன்றாகத்தான் சிரித்தீர்கள். இருக்கட்டும். மழை விட்டு வெயில் அடித்தால் ஃபோனோடு மொட்டைமாடிக்கு ஓடுகிறவர் நீங்கள் இல்லைதானே? குற்றாலத்தில் குளிக்காமல் திரும்பி வந்தவரும் நீங்கள் இல்லை. இப்போது ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தது வெளிச்சம் எப்படி விழுகிறது என்று அறிய அல்ல, சும்மா.

சரி, நம்புகிறேன். ஆனால் எழுந்து ஜன்னலுக்குப் போகுமுன் ஒன்று: அடுப்பில் பால் வைத்தது நீங்கள்தானே?