ஜப்பானில் என் ஊரைப் பதிந்த கதை

எனக்குப் படிப்பு கொஞ்சம், வாய் ரொம்ப. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் ஒருமுறை சொந்த ஊரையே எழுதி வாங்கக் கிளம்பினேன்.

எங்கள் ஊர் மாகறல், உத்திரமேரூர் போகிற வழி. அங்கே எனக்கு ஒரு எண்ணெய்ச் செக்கு. நாலு கடை தள்ளி என் தங்கை செல்விக்கும் அவள் புருஷனுக்கும் ஒரு செக்கு. இரண்டு போர்டிலும் ‘மாகறல் செக்கு எண்ணெய்’தான். ஒரகடத்தில் வேலை பார்த்த ஒரு ஜப்பான்காரர் என் நல்லெண்ணெயை வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்கள் நாட்டில் விற்கலாமே” என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சென்னையில் ஒரு ஏஜெண்டைப் பிடித்து, ‘மாகறல்’ என்ற பெயரை ஜப்பானில் எனக்கு மட்டும் டிரேட்மார்க்காகப் பதிய மனுப் போட்டேன்.

மனு எண்ணோடு ஒரு ரசீது வந்தது. (மனு வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் ரசீது. ஏஜெண்ட் படித்துப் படித்துச் சொன்னார், நான் கேட்டால்தானே!) அன்று சாயங்காலமே ஊர் எல்லையில் ஃப்ளெக்ஸ் வைத்தேன். கூலிங் கிளாஸில் நான், பக்கத்தில் எண்ணெய் பாட்டில், கீழே ‘ஜப்பானை வென்ற மாகறலாரே!’. அதைப் போட்டோ எடுத்து என் வெப்சைட்டிலும் போட்டேன். அதோடு விட்டேனா? நேரே தங்கை கடைக்குப் போனேன்.

“செல்வி, பேரு இனிமே என்னுது. போர்டுல மாகறல அழிச்சிடு.”

“இன்னாண்ணா பேசற? ஊரு பேர நீ எப்டி எழுதிக்கினு போவ? நானும் இங்கதான பொறந்தேன்?”

“சட்டம்மா!”

“சட்டமா? அப்ப பாப்பா காதுகுத்துக்கு நீ வராத. என் கொழுந்தன் மடியில வெச்சிக் குத்திக்கிறோம்.”

மாப்பிள்ளை ஏணி வைத்து ஏறி, அந்த நாலு எழுத்தின்மேல் வெள்ளை அடித்தார். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவர் மடியா? ஆனாலும் வீறாப்பாக நடந்து வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து ஜப்பானிலிருந்து அசல் பதில் வந்தது. ஏஜெண்ட் போனில் சொன்னார்.

“முடியாதுன்னுட்டாங்க சார். சரக்கு எந்த ஊர்லேர்ந்து வருதுன்னு காட்டற பேரு எல்லாருக்கும் பொதுவாம். ஒருத்தருக்கு மட்டும் தரமாட்டாங்களாம்.”

“அது ஊர் பேருன்னு அவங்களுக்கு யாரு சொன்னது?”

“நீங்கதான் சார். உங்க வெப்சைட்ல ஃப்ளெக்ஸ் போட்டோ போட்டிருக்கீங்களே. அதுக்குப் பின்னாடி ‘மாகறல் ஊராட்சி உங்களை வரவேற்கிறது’ன்னு பெரிய போர்டு. அதையே ஆதாரமா வெச்சிட்டாங்க.” பிறகு அவரே, “சங்கமா சேர்ந்து, பேரும் அங்க பிரபலமாச்சுன்னா, ‘மாகறல் எண்ணெய்’னு கேட்டுப் பார்க்கலாம். உங்க ஊர்ல வேற யாராவது எண்ணெய் ஆட்டறாங்களா?” என்றார்.

போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பெயிண்ட் டப்பாவோடு போய், நானே ஏணியில் ஏறி தங்கை போர்டில் ‘மாகறல்’ எழுதினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. இறங்கியதும் செல்வி ஒரு கட்டு காதுகுத்துப் பத்திரிகையை என் கையில் திணித்தாள். எல்லாவற்றிலும் ஊர் என்ற இடம் காலி.

“பேரு போட பயமா கீதுண்ணா, கேஸ் போட்ருவ. நீயே எழுதிக் குடு.”

முந்நூறு பத்திரிகையிலும் விரல் வீங்க எழுதினேன். பாப்பாவுக்கு என் மடியில்தான் காது குத்தினார்கள். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் டீச்சர், “எந்த ஊரு பாப்பா?” என்று கேட்டாராம்.

“எங்க மாமாவக் கேட்டுட்டு வந்து சொல்றேன் மிஸ்” என்றாளாம்.