வெட்டும் மெஷினின் வக்கீல்

நம்மிடையே ஒரு ரகத்தினர் இருக்கிறார்கள். கம்பெனியில் இவர்களுக்கு வேலை கிடையாது, பங்கு கிடையாது, முதலாளி எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்தக் கம்பெனியை யாராவது ஒரு வார்த்தை குறை சொல்லிவிட்டால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வக்காலத்து வாங்க ஓடி வந்துவிடுவார்கள். குளிர்பெட்டி ஒழுகுகிறதா? "ஒழுகலீங்க, வேண்டாத தண்ணிய வெளியேத்துது." கார்க் கதவு திறக்க மாட்டேன் என்கிறதா? "திருடனுக்கும் தொறக்காதுல்ல?" காசு கொடுத்து வாங்கியவர் நாம், அவதிப்படுகிறவர் நாம், கடைசியில் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவரும் நாமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

பார்த்திருப்பீர்கள். எந்தக் குடியிருப்புத் தாமானிலும் தெருவுக்கு ஒருவராவது உண்டு. மலேசியாவில், பத்து பாகாட்டில் இருப்பவரின் பெயர் ரூபேந்திரன்.

ரூபேந்திரன் ஏமாளி அல்ல. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒரு தையல் கோணலாக இருந்தால் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் இனிப்புக் கொஞ்சம் கூடிப்போனால் கிளாஸ் வந்த வழியே போகும். மாமனார் வீட்டு விருந்தில் ஆட்டுக்கறி வேகவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு மெஷினின் முன்னால் மட்டும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல அடக்கமாகிவிடுவார்.

அது காகிதமும் ஸ்டிக்கரும் வெட்டும் மெஷின். கணினியில் படம் வரைந்து அனுப்பினால், உள்ளே இருக்கும் சின்னக் கத்தி அந்தப் படத்தின் ஓரம் பிடித்து வெட்டிக் கொடுத்துவிடும். மெஷினுக்கு உரிமையாளர் அவர் மனைவி ஷர்மினி. பிறந்தநாள் கேக்கின் மேல் குத்தும் பெயர், பெருநாள் பண உறை, தீபாவளிக்குக் கதவில் ஒட்டும் விளக்கு, எல்லாம் அவள் செய்து விற்றாள். படம் வரைய அவள் பழகியிருந்தது வேறொரு கம்பெனியின் மென்பொருள். அதில் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை ஓடும். மேசை முழுவதும் காகிதம் என்பதால் குடும்பம் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. டவுனில் ஒரு சின்னக் கடை எடுத்து மெஷினை அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்பது ஷர்மினியின் ஆசை.

மெஷின் ஷர்மினிக்குச் சொந்தம் என்றால், கம்பெனி ரூபேந்திரனுக்குச் சொந்தம். பெட்டியோடு இலவசமாக வந்த டீ சட்டையைத் தைப்பூசத்துக்குப் போட்டுக்கொண்டு போனார். அவர் பிறந்தநாளன்று கம்பெனியின் கணினி தானாக அனுப்பிய வாழ்த்தைத் தொழிற்சாலை முழுவதும் காட்டினார். "பாருங்க, அங்கேருந்து ஞாபகம் வச்சு அனுப்பியிருக்காங்க. சொந்த மச்சான் மறந்துட்டான்." மாவட்டத்தில் அந்த மெஷின் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். குழுவின் பெயரில் 'குடும்பம்' என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். குடும்பத் தலைவர் யார் என்று சொல்ல வேண்டுமா?

ஒருநாள் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. பயனர்களின் நன்மையை முன்னிட்டு, புதிய அப்டேட்டுக்குப் பிறகு மெஷின் கம்பெனியின் சொந்த மென்பொருளிலிருந்து வரும் படங்களை மட்டுமே வெட்டும், வெளியார் மென்பொருள் எதற்கும் கட்டுப்படாது என்றது. குழு கொதித்துவிட்டது. அன்பளிப்புப் பெட்டிகள் விற்கும் கடை வைத்திருக்கும் நஜ்முதீன் பாய்தான் முதல் ஆளாகக் குரல் பதிவு அனுப்பினார்.

"தம்பி, மெஷின் என்னோடது. பேப்பர் என்னோடது. படம் நான் வரைஞ்சது. வெட்டறதுக்கு அவன்கிட்ட எதுக்கு நான் பெர்மிஷன் கேக்கணும்?"

"பாய், வெளி சாப்ட்வேர்ல வைரஸ் வரும் பாய். உங்க நல்லதுக்குத்தான்."

"பேப்பர் வெட்டுற மெஷினுக்கு என்ன லா வைரஸ்? தும்முமா?"

"அவங்க பக்கத்தையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க பாய்."

"எங்க பக்கத்த யாரு யோசிப்பா?"

இந்தக் கேள்வி குழுவின் ஒற்றுமையைக் கெடுக்கும் என்று ரூபேந்திரனுக்குப் பட்டது. நிர்வாகி மட்டுமே செய்தி போடலாம் என்று குழுவை மாற்றி வைத்தார். அதன்பின் குடும்பத்தில் ஒரு குறையும் எழவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஷர்மினிக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. அவள் அண்ணன் லோகேஸ்வரனின் மகள் லோஷினிக்கு நிச்சயதார்த்தம், ஆயர் ஈத்தாமில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை கவின், லாயாங் லாயாங்கைச் சேர்ந்தவன். சீர்த்தட்டு அலங்காரம் எல்லாம் அத்தை ஷர்மினியின் பொறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா சந்திரமதி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். "நிச்சயத் தட்டப் பாக்குறேன்மா. எனக்குப் புடிச்சிருந்தா கல்யாணத்துக்குக் கார்டுலேருந்து மேடை வரைக்கும் நீயே செஞ்சிடு." அந்தக் கல்யாண வேலை கிடைத்துவிட்டால் கடை எடுத்துவிடலாம். ஷர்மினி மனதுக்குள் கடைக்குப் பெயர்ப்பலகைகூட வரைந்துவிட்டாள்.

தட்டு எத்தனை? மாப்பிள்ளை வீட்டார் பத்தொன்பது கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்ததும் லோகேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நம்ம ரெண்டு கூட வைப்போம்" என்றார். ஆக, இருபத்தொன்று. ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் நிறுத்த ஒரு முழுத் தாள் அகலத்துக்குக் காகிதச் சித்திரம். பழத்தட்டுக்கு மாங்கொத்து, வெற்றிலைத் தட்டுக்குக் கொடி, பட்டுச் சேலைத் தட்டுக்கு ஜோடி மயில். எல்லாவற்றையும் தன் பழைய மென்பொருளில் வரைந்து முடித்துவிட்டு, ஷர்மினி கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"என்னங்க, நிச்சயம் முடியிற வரைக்கும் அந்த அப்டேட்டத் தொடாதீங்க."

"நான் ஏன் தொடுறேன்?"

ஏன் தொட்டார் என்பதை அவர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து கணினியைத் திறக்கிறார். 'இப்போது புதுப்பிக்கலாமா?' என்று கம்பெனி கேட்கிறது. 'பிறகு' என்று அழுத்துகிறார். சற்று நேரத்தில் மறுபடி கேட்கிறது. 'பிறகு.' இன்னொரு முறையும் கேட்கிறது, அதே பணிவோடு. வீட்டு வாசலுக்கு வந்தவரை எத்தனை தடவைதான் திருப்பி அனுப்புவது? பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னவர்கள் வேறு. இனியும் மறுப்பது மரியாதை இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அழுத்திவிட்டார்.

இரவில் ஷர்மினி வந்து முதல் படத்தை அனுப்பினாள். மெஷின் அசையவில்லை. சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மின்னியது.

"அமுக்குனீங்களா?"

"அதுவா கேட்டுச்சு."

"அலமாக்! நான் கேட்டது காதுல விழலையா?"

பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. சரி, வரைந்த படங்களை எல்லாம் கம்பெனியின் மென்பொருளுக்குள் ஏற்றி வெட்டலாம் என்று பார்த்தாள். ஏற்றினாள். மெஷின் வெட்டியது. மாங்கொத்து வந்தது, கொடி வந்தது, ஒவ்வொன்றாக இருபது வந்தன. ஜோடி மயிலை ஏற்றியபோது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. வெளியில் வரைந்த படங்கள் மாதத்துக்கு இருபதுதான் ஏற்றலாமாம். மேலும் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டுமாம்.

ரூபேந்திரன் உற்சாகமாகப் பணப்பையை எடுத்தார். சந்தா கட்டுவது அவருக்குக் கோயில் காணிக்கை மாதிரி. விவரங்களை எல்லாம் தட்டி முடித்ததும், உங்கள் நாட்டில் இந்தச் சேவை இன்னும் தொடங்கப்படவில்லை என்று பதில் வந்தது.

"பாத்தியா, 'இன்னும்'னு போட்டிருக்காங்க. வராதுன்னு சொல்லல" என்றார்.

ஒரு தட்டைக் குறைத்துவிடலாமா? இருபது இரட்டைப்படை, மங்கல காரியத்துக்கு ஆகாது. இரண்டைக் குறைத்தால் மாப்பிள்ளை வீட்டாரோடு சமமாகிவிடும், லோகேஸ்வரன் தங்கையோடு பேச மாட்டார். மாங்கொத்தையே இன்னொரு தடவை வெட்டிப் பட்டுச் சேலைக்குப் பின்னால் வைக்கலாம் என்றார் ரூபேந்திரன். ஷர்மினி பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்தது. பிறகு கம்பெனி இலவசமாகத் தரும் படங்களைத் தேடினார். பனிமனிதன் இருந்தான், கண் வைத்த பூசணிக்காய் இருந்தது, மூக்குச் சிவந்த ஒரு மான் இருந்தது.

"மானு நல்ல சகுனந்தானே?"

"மூக்கு ஏங்க செவந்திருக்கு?"

"குங்குமம்னு சொல்லிக்கலாம்."

சனிக்கிழமை முழுவதும் ஷர்மினி கையால் மயில் வெட்டினாள். சின்னக் கத்தரிக்கோல், பேனாக் கத்தி, பல்லைக் கடித்துக்கொண்ட வாய். தோகையின் கண்களை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்கும்போது இரண்டு விரலில் கத்தி பட்டது, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ரூபேந்திரன் எதிரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, வெளியார் மென்பொருளை நம்பி மெஷின் பழுதானால் யார் பொறுப்பு என்றும், கோடிக்கணக்கில் செலவழித்து மெஷின் கண்டுபிடித்தவர்களுக்கு அதன்மேல் ஓர் உரிமை வேண்டாமா என்றும், மாதம் இருபது படம் என்பது உண்மையில் கைக்கு ஓய்வு கொடுப்பதற்காகத்தான் என்றும் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பேப்பர நேரா புடிங்க" என்றாள் ஷர்மினி.

மாலைக்குள் மயில்கள் தயாராகிவிட்டன. மெஷின் வெட்டிய இருபதோடு சேர்த்து வைத்தபோது ரூபேந்திரனாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருபத்தொரு தட்டும் வரிசையாக நின்றன. லோகேஸ்வரன் எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணிக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா சந்திரமதியும் அப்பா ஜெயபாலனும் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பட்டுச் சேலைத் தட்டின் முன்னால் சந்திரமதி நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். தோகையைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மாடி! எவ்வளவு பொடிசா வெட்டியிருக்கு. இத யாரு செஞ்சது?"

ஷர்மினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிளாஸ்டர் போட்ட கையை லேசாகத் தூக்கி, சொல்ல வாயெடுத்தாள்.

"எல்லாம் மெஷினுதான்க்கா" என்றார் ரூபேந்திரன். "புது அப்டேட் வந்த பெறகு இப்படித்தான் வெட்டுது."

"ஆளு ஒண்ணும் செய்ய வேணாமா?"

"பட்டன அமுக்குனா போதும்கா. சின்னப் புள்ளகூட செய்யலாம்."

சந்திரமதி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நம்மளே ஒண்ணு வாங்கிறலாம் லா. கவினுக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே. கல்யாணத்துக்கு நம்மளே வீட்டுல செஞ்சுக்கலாம். பாவம், ஷர்மினிக்கு எதுக்கு வீண் சிரமம்?"

ஜெயபாலன் கைபேசியை எடுத்தார். எந்த மாடல் என்று கேட்டார். ரூபேந்திரன் மாடல் மட்டுமா சொன்னார், வாங்கும் இணைப்பையும் அங்கேயே அனுப்பிவைத்தார், குடும்பக் குழுவிலும் அவரைச் சேர்த்துவிட்டார். ஷர்மினி கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் ரூபேந்திரன் மிகவும் சந்தோஷமாக இருந்தார். "நம்மளால அவங்களுக்கு ஒரு புது கஸ்டமர் பாத்தியா?"

ஷர்மினி விரலில் இருந்த பிளாஸ்டரின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த மயிலு நான் வெட்டுனதுன்னு மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"மறப்பேனா? ஆனா அத எப்படி அங்க சொல்றது? சொன்னா மெஷின் வெட்டலன்னு ஆயிடும்ல? கம்பெனிக்குக் கெட்ட பேரு."

"எனக்கு?"

ரூபேந்திரன் சாலையைப் பார்த்து ஓட்டினார். ஷர்மினி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அழட்டும், ஒரு கடை போயிருக்கிறதே.

நீங்கள் ரூபேந்திரனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், உங்கள் வீட்டில்தான் வெட்டும் மெஷினே கிடையாதே. கைபேசி இருக்கிறது, அவ்வளவுதான். வங்கிச் செயலி ஒன்று, சுங்கச்சாவடி அட்டை ஒன்று, பத்து வருடமாக மாற்றாத ஒரு கார். போன வாரம் அவற்றில் ஏதோ ஒன்று திடீரென்று மாறி, வீட்டில் இருப்பவர் தடுமாறி, "முந்தி ஒழுங்காத்தானே இருந்துச்சு, எதுக்கு இப்படி மாத்தி வச்சிருக்கான்?" என்று உங்களைக் கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீங்கள் யாருக்காகப் பேசினீர்கள்?