கதவு நைனாவும் டச்சுக்கார நங்கூரமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்திருக்கிறேன். தன் படகுக்குப் பொங்கலுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவரைத் தெரியும். பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு நடு ஏரியில் போய்க் குடித்தனம் பண்ணியவரையும் தெரியும். கதவு நைனாவுக்கு முன்னால் அவர்கள் எல்லோரும் மகா புத்திசாலிகள். கதவைத் திறந்தோம், உள்ளே போனோம், சாத்தினோம் என்று உலகமே செய்கிற ஒரு சாதாரணக் காரியத்தை இத்தனை சிக்கலாக்கிய இன்னொரு மனிதரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

அவர் சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆந்திர எல்லைப் பக்கம் ஆகையால் வயதானவர்களை அங்கே நைனா என்பார்கள். கதவு என்பது அவரே பாடுபட்டுச் சம்பாதித்த பட்டம்.

நான் திருப்பாலைவனத்துக்காரன். நெல் விவசாயத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாமல் வளர்ந்தவன். தினமும் பஸ் பிடித்து வந்து, டச்சுக் கல்லறைக்குப் பின்னால் படகுத்துறையை ஒட்டியிருந்த ஐஸ் ஷெட்டில் சூப்பர்வைசராக உட்கார்ந்திருந்தேன். முதலாளி சென்னையில். பசியாவரம் தீவிலிருந்து படகில் வரும் இறாலைப் பெட்டி பெட்டியாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, துறையிலிருந்து போட்டிருந்த குட்டித் தண்டவாளத்தில் ஐஸ் அறைக்குள் தள்ளிவிடுவார்கள். அந்த ஷெட் வருவதற்கு முன்னால், வெயில் ஏறுவதற்குள் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இறால் நாறிப்போகும். ஷெட் வந்த பிறகுதான் அந்த ஜனங்கள் வியாபாரியிடம் "அந்த வெலைக்கி முடியாது" என்று சொல்லவே கற்றுக்கொண்டார்கள்.

தொல்லை என்னவென்றால், வண்டி தள்ளுகிறவனுக்கு இரண்டு கையும் வண்டியில் இருக்கும். உள்ளே போனவன் திரும்பி வந்து கதவைச் சாத்த மாட்டான். கேட்டால், படகுக்குக் கதவு ஏது சார் என்பான். ஐஸ் உருகி ஓடும். இப்படி இரண்டு லோடு கெட்டுப்போனதும் முதலாளி வந்து குதித்தார். இன்னொரு லோடு கெட்டால் ஷெட்டைப் பிரித்துத் தண்டவாளத்தோடு லாரியில் ஏற்றிவிடுவேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள்தான்.

கதவுக்கு ஒரு ஆளைப் போட்டால் தீர்ந்தது என்றேன். இதைச் சொல்ல ஒரு சூப்பர்வைசர்கூட வேண்டாம். அப்போதுதான், அழைக்காமலே வந்து கூட்டத்தில் நின்றிருந்த நைனா பாய்ந்தார்.

"இன்னா தம்பி பேசுற நீ? கதவுக்கு ஆள வெப்பியா? மனுசனப் போயி கதவண்ட குந்த வெப்பியா?"

ஏதோ நான் நரபலி கேட்டதுபோல அவர் உடம்பெல்லாம் ஆடியது. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, தனக்குக் கூலி வேண்டாம், பலகையும் ஆணியும் கொடுத்தால் தானே திறந்து தானே சாத்திக்கொள்ளும் கதவு போட்டுத் தருகிறேன் என்றார். கூலி வேண்டாம் என்ற சொல் காதில் விழுந்ததும் முதலாளிக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

நைனா இளவயதில் மீன்பிடி பிடிக்காமல் ஓடிப்போய், கோதாவரிப் பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே தனக்குக் கதவு இன்ஜினியர் வேலை என்று சொல்லிக்கொள்வார். டீக்கடையில் யார் சிக்கினாலும் பாடம்தான். பூமிக்கு அடியில் நிலக்கரித் தொட்டிகளை இழுத்துக்கொண்டு ரயில் ஓடும். அந்தத் தண்டவாளத்துக்குக் குறுக்கே கதவுகள் இருக்கும். காற்றை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று திருப்பிவிடுவது அந்தக் கதவுதான். கதவு திறந்து கிடந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும், கடைசியில் வேலை செய்கிறவனுக்கு மூச்சுக்குக் காற்று இருக்காது. அதனால் இரண்டிரண்டு கதவாக வைப்பார்கள். ஒன்றைச் சாத்தினால்தான் இன்னொன்றைத் திறக்கலாம். ரயில் சக்கரம் மிதித்தால் கதவு தானே திறக்கும், ரயில் தாண்டினால் தானே சாத்திக்கொள்ளும்.

"கதவு தொறந்து கெடந்தா காத்து பூடும். காத்து பூட்டா ஆளு பூடுவான்" என்று முடிப்பார். அதற்குள் நம் டீ ஆறிப்போயிருக்கும்.

இந்தச் சாமர்த்தியத்தை ஏற்கெனவே தன் வீட்டில் காட்டி முடித்திருந்தார். ஓலைக் குடிசைக்கு வாசலில் வரிசையாக இரண்டு பலகைக் கதவு, இரண்டுக்கும் தரையில் ஒவ்வொரு மிதிகட்டை. மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் மாமா முதலில் நுழைந்தார். கனத்த சரீரம். ஒரு கால் இந்தக் கட்டையிலும் ஒரு கால் அந்தக் கட்டையிலும் விழ, எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் இரண்டும் இறுகிக்கொண்டன. பழத்தட்டோடு அவர் நடுவில் வெந்துகொண்டிருக்க, நைனா வெளியே நின்றபடி, கதவு சரியாகத்தான் வேலை செய்கிறது, மாமாதான் தப்பாக நிற்கிறார் என்று விளக்கம் சொன்னாராம். கடைசியில் நைனாவின் மனைவி தேசம்மா அரிவாள்மணையை எடுத்து வந்து பக்கத்து ஓலையை வெட்டி மனிதரை மீட்டார். நல்ல மனிதர். பெண் பிடித்திருக்கிறது, வீடுதான் பிடிக்கவில்லை என்று சொல்லிச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டு போனார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் எங்கள் ஷெட் சிக்கியது. ஐஸ் அறைக்கு இருந்த ஒரு கதவுக்கு முன்னால் ஒரு வண்டி நீளம் விட்டு இன்னொரு கதவு போட்டார். நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் இருட்டுச் சந்து. தண்டவாள ஓரத்தில் மிதிகட்டை, அதிலிருந்து கப்பி வழியாக வலைக்கயிறு, கயிற்றின் முனையில் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்துவதற்கு ஒரு கனம். அந்தக் கனத்துக்கு ஒரு நங்கூரத்தைத் தொங்கவிட்டார். இடிந்த டச்சுக் கோட்டைப் பக்கத்துச் சேற்றில் கிடைத்ததாம், டச்சுக்காரன் கப்பலில் இருந்ததாம். அதில் பட்டறைக்காரன் அடித்த தமிழ் எழுத்து எனக்கே தெரிந்தது. காட்டினேன். டச்சுக்காரனும் நம்ம ஆளிடம்தானே வேலை வாங்கியிருப்பான் என்று சொல்லிவிட்டார்.

முதல் வாரம் கதவு வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். ஆடு மிதித்தால் திறந்தது, வண்டி மிதித்தால் யோசித்தது. உள்ளே போன ஆடு வெடவெடத்துக்கொண்டு வெளியே வந்து, அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. பார்வையிட வந்த மீனவர் சங்கத் தலைவர் பெருமையாக உள்ளே நுழைந்தார், கதவு டமாரென்று சாத்திக்கொண்டது, அவர் மட்டும் உள்ளே போனார், வேட்டி வெளியே நின்றது. நைனா வேட்டியைப் பார்க்கவில்லை. கதவு இடுக்கில் கையை வைத்துப் பார்த்து, "பாத்தியா, துளி காத்து பூந்து வரல" என்றார். எனக்கு அவரை ஏரியில் பிடித்துத் தள்ளலாம் போல இருந்தது.

இந்த லட்சணத்தில் பசியாவரத்து ஆறுமுகத்துக்குப் பாடு வந்தது. பாடு என்றால் முறை. முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடுகிற நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது, ஊர்க்கட்டுப்படி முறை வைத்துத்தான் கட்ட வேண்டும். ஒரு முறை வீணானால் மறுபடி சுற்றி வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அன்றைக்குப் பார்த்து ஏரி அள்ளிக் கொடுத்தது. ஆறுமுகமும் அவர் ஆட்களும் படகு படகாகக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குப் பார்த்து இறாலை ஏற்ற வேண்டிய லாரி எளாவூர் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டது. வந்து சேரச் சாயங்காலம் ஆகும் என்று தகவல் வந்தது. அதுவரை இறால் எங்கள் ஐஸ் அறையில்தான் கிடக்க வேண்டும். கெட்டால் ஆறுமுகத்தின் பாடும் போச்சு, ஷெட்டும் போச்சு.

போதாததற்கு வாடைக்காற்று வேறு கிளம்பியது. பாதி இறால் இன்னும் இறக்காமல் இருந்த படகுகள் துறையில் அலைபாய்ந்தன. ஆறுமுகத்தின் பெரிய படகு கயிறு அறுந்து நழுவ ஆரம்பித்தது. மனிதர் கரைக்கு ஓடிவந்தார், ஷெட்டுக்குள் பார்த்தார், நல்ல நங்கூரம் ஒன்று யாருக்கும் உபயோகமில்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மீனவனுக்கு அதற்குமேல் என்ன யோசனை வேண்டும்? கயிற்றை அறுத்தார், தூக்கிக்கொண்டு ஓடினார், படகை நிறுத்தினார். தான் கழற்றியது ஐஸ் அறையின் உயிர்நாடி என்று அவருக்குச் சத்தியமாகத் தெரியாது.

இதை நான் துறையிலிருந்து பார்த்துவிட்டு அலறியடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். கதவு இரண்டும் பப்பரப்பா என்று திறந்து கிடக்கும் என்று நினைத்தேன். இல்லை. வண்டி வந்தது, முதல் கதவு திறந்தது, வண்டி போனது, கதவு சாத்திக்கொண்டது, பிறகு இரண்டாவது திறந்தது. சத்தமே இல்லை. போட்ட நாளிலிருந்து அந்தக் கதவு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதே கிடையாது. எனக்குச் சந்தேகம் தட்டியது. அடுத்த வண்டியோடு ஒட்டிக்கொண்டு நுழைந்து சந்திலேயே நின்றுவிட்டேன். கண் பழகியதும் தெரிந்தது. மூலையில் ஒரு காலிப் பெட்டியின்மேல் நைனா குந்தியிருந்தார். இரண்டு கையிலும் இரண்டு கதவின் கயிறு.

"இன்னா நைனா இது?"

"சத்தம் போடாத. ஆறுமுகம் நங்கூரத்த எட்த்துக்கினு பூட்டான்."

"போய் வாங்கிட்டு வரேன்."

"வாங்கினா படகு பூடும். பாதி எறா அதுலதான கீது?"

அப்படியானால் எழுந்திருங்கள், வண்டிக்காரன் எவனையாவது உட்கார வைக்கிறேன் என்றேன். அதற்குள் வெளியே வண்டிச் சத்தம். ஒரு கயிற்றை இழுத்தார், விட்டார். வெயிலில் இருந்து குனிந்து தள்ளிக்கொண்டு வந்தவனுக்கு மூலையில் ஆள் இருப்பது தெரியவே இல்லை. அவன் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"இந்த இர்ட்ல வேற எவனையும் குந்த வெக்காத தம்பி. வெளிய சொல்லாத. கதவு தானா தொறக்குதுன்னே இர்க்கட்டும்."

கிழட்டுப் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். மத்தியானம் தேசம்மா கஞ்சித் தூக்கோடு வந்து புருஷனைத் தேடினார். உங்கள் இன்ஜினியர் உள்ளே உட்கார்ந்து கதவு இழுக்கிறார் அக்கா என்று நக்கலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜினியரு இல்ல சார். சொரங்கத்துல கதவண்ட குந்திக்கினு தொறந்து சாத்தறதுதான் இந்த ஆளுக்கு வேல. பொழுது விடியறதுக்குள்ள எறங்குவாரு, பொழுது போயிதான் ஏறுவாரு. வருசக்கணக்கா வெயிலே தெரியாது. அப்பறம் தானா தொறக்கற கதவு வந்திச்சி. ஆளு வாணாம்னு அனுப்பிட்டாங்க. எல்லாரும் அழுதாங்களாம். இவுரு மட்டும் அந்தக் கதவக் கும்பிட்டுட்டு வந்தாரு."

எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் கதவுக்கு ஆள் போடுகிற பேச்சையே எடுத்திருக்க மாட்டேனே. கஞ்சியை நானே எடுத்துக்கொண்டு போனேன். குடிக்க அவருக்குக் கை ஒழியவில்லை. அவர் குடிக்கும்வரை கயிறு இரண்டையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இருட்டில் அவ்வளவு நேரம்கூட எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் லாரி வந்தது. வியாபாரியின் ஆள் பெட்டி பெட்டியாக இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளிப் பார்த்தான். ஒன்றுகூடக் கழிக்க முடியவில்லை. ஐஸ் அப்படியே இருந்தது. முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன், ஷெட்டைப் பிரிக்கிற பேச்சு அதோடு ஒழிந்தது. எல்லோரும் லாரிப் பக்கம் போன பிறகு நைனா வெளியே வந்தார். முதுகு நிமிரவில்லை. ஆறுமுகம் நங்கூரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் இறக்கினார்.

"நைனா, சும்மா சொல்லக்கூடாது, ஒம் மெஷினு இன்னிக்கி ஜோரா வேல செஞ்சிச்சி. ஆமா, இத்த எதுக்கு ஷெட்டுல தொங்க வுட்டிர்ந்த?"

நைனா நங்கூரத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"காய வெச்சிர்ந்தேன்" என்றார்.

மறுநாளே அதைத் திரும்ப மாட்டினார். கதவும் பழையபடி டமார் டமாரென்று சாத்திக்கொண்டு, போகிற வருகிறவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தது. நைனா துறையில் நல்ல வெயிலில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருப்பார். தலையில் துண்டுகூடப் போட மாட்டார்.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். நைனா போய் வெகுகாலம் ஆகிறது. பெரிய கடைகளில் கிட்டே போனாலே விலகிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு வைத்திருக்கிறார்கள். அதன்முன் நான் நின்றுவிடுகிறேன். பின்னால் ஆள் வருகிறார்கள், நகருங்கள் என்று என் மனைவி இடிப்பாள். கதவின் இரண்டு பக்க மூலையையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அங்கே யாரும் குந்தியிருக்கவில்லை என்றால், நைனா வெளியே வெயிலில் இருக்கிறார் என்று அர்த்தம்.