கியாரண்டி அண்ணை துவக்குப் பார்த்த கதை

ஒரு முட்டாள்தனத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நாற்பது தாண்டி, தொந்தியும் வந்த பிறகு எனக்கு ஒரு துவக்கு, துப்பாக்கிதான், வாங்க ஆசை வந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். பார்த்து வாங்கக் கியாரண்டி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேனே, அதை மன்னிக்க ஏலாது.

அந்த நாட்களில் லண்டனில் வெம்பிளியிலிருந்து ரெய்னர்ஸ் லேன் வரைக்கும் அவர் தட்டிப் பார்க்காமல் ஒரு தமிழ் வீட்டு பிரிட்ஜும் குளிரவில்லை. மின்சாமான் களஞ்சியம் ஒன்றில், சனம் திருப்பிக் கொண்டுவரும் பொருட்களை வாங்கி வைக்கும் பிரிவில் அவருக்கு வேலை. வருடக்கணக்காக உடைசல்களையே பார்த்த மனிதருக்கு, உடையாத பொருள் என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கையே போய்விட்டது. மெத்தைக் கடைக்குப் போனால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுத்து, குறட்டை விட்ட பிறகுதான் தீர்ப்புச் சொல்வார். என் மச்சாளுக்குக் குழந்தை வண்டி பார்க்கப் போனபோது, அதற்குள் ஒரு மூட்டை அரிசியை ஏற்றி வீதியில் ஓட்டமாய்த் தள்ளினார். குழந்தையைக் கொஞ்சலாம் என்று குனிந்த வெள்ளைக்காரக் கிழவி திடுக்கிட்டு நிமிர, "பாஸ்மதி" என்று பெயரையும் சொன்னார்.

துவக்கு என்றதும் பயப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காகித வட்டத்தைச் சுடுகிற கிளப் அது. பொயின்ற் ருவென்ரி ரூ (.22) ரைபிள், சின்னத் தோட்டா. ஒருமுறை சுட்டால் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். கிளப் எனக்குத் தந்த பழசில் ஏறாது. நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கவே சிலர் தேநீரோடு வந்து நிற்பார்கள். சொந்தமாக ஒன்று வேண்டும், அது என் ஆயுளுக்கும் உழைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

கடைக்காரர் ஆறடி வெள்ளைக்காரர், பொறுமைசாலி. பளபளக்கும் புதியது ஒன்றை மேசையில் வைத்தார். அண்ணை அதைத் தொடவே இல்லை.

"புதுசு எல்லாம் வடிவுதான் தம்பி. இதே மொடலிலை அடிபட்டு வந்த பழசு ஒண்டு இருக்கோ எண்டு கேளும்."

கேட்டேன். வேறொரு கிளப் துப்புரவாக்கக் கொடுத்திருந்த கிழட்டு ரைபிள் ஒன்று உள்ளேயிருந்து வந்தது. அண்ணை பூதக்கண்ணாடியை எடுத்தார். ஆணித் தலைகள் தேய்ந்திருக்கிறதா, தோட்டா ஏறுகிற இடம் வளைந்திருக்கிறதா, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கோதை இழுத்து எறிகிற குட்டிக் கொக்கி மழுங்கியிருக்கிறதா, தோட்டா இல்லாமல் சும்மா அடித்து அடித்து, தோட்டாவைக் குத்துகிற ஊசி விளிம்பில் வடு வைத்திருக்கிறதா... பார்த்துக்கொண்டே போனார். கடைக்காரரும் பக்கத்தில் குனிந்துவிட்டார்.

"என்ன பழுதாம்?" என்று கடைக்காரரிடம் கேட்கச் சொன்னார்.

"பழுது இல்லையாம் அண்ணை. கரிதானாம். இந்தத் தோட்டா நல்லாக் கரி கக்குமாம்."

அண்ணை நிமிர்ந்தார். "நல்ல சாமான். நிக்கும்."

எந்தப் பொருளைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. லைசென்ஸை எடுக்கக் கோட்டுக்குள் கையை விட்டேன்.

"ஆனா நீர் வாங்காதையும்."

"ஏன் அண்ணை?"

"துவக்கு நிக்கும். நீர் நிக்கமாட்டீர்."

"என்ன கதை கதைக்கிறியள்?"

"வீட்டிலை ஓடுற மெசின் ஒண்டு வாங்கினனீர். அதிலை இப்ப என்ன நடக்குது?"

"உடுப்புக் காயுது."

"கீபோட்?"

"கட்டிலுக்குக் கீழை."

"எங்களிட்டைத் திரும்பி வாற சாமானிலை பாதிக்குப் பழுது ஒண்டும் இல்லைத் தம்பி. வாங்கின ஆக்களிலைதான் பழுது."

அவர் என்ன சொல்கிறார் என்று கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். "நல்ல ரைபிளாம்" என்று மொழிபெயர்த்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்து, நூறு கேள்வி கேட்டு லைசென்ஸ் தந்திருக்கிறார்கள். இங்கிலாந்து அரசாங்கமே என்னை நம்பித் துவக்குத் தருகிறது. நாலு வீடு தள்ளி இருக்கிற மனிதர் என்னை ரிட்டேர்ன் சாமானோடு சேர்க்கிறார்! அந்தக் கோபத்திலேயே புதியதை வாங்கினேன். திரும்பும்போது அவர் பாட்டுக்கு என் காரின் கதவுப் பிடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. பனி கொட்டினாலும் போனேன், காய்ச்சலோடும் போனேன். கரியைத் துடைக்கிறபோது அண்ணையின் முகத்தைத் துடைப்பதாக நினைத்துத் தேய்த்தேன். மரக்கறிக் கடையில் கண்டால், கத்தரிக்காயை அமத்திப் பார்த்தபடி கேட்பார்.

"இன்னும் போறீரோ?"

"போறன்!"

"ம்."

அந்த "ம்"முக்காகவே இன்னொரு வருடம் போனேன். கிளப்பில் ஒரு கிண்ணம்கூடக் கிடைத்தது. மூன்றாம் இடம்தான். ஆனாலும் மரக்கறிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு அந்தக் குட்டிக் கொக்கி உடைந்தது. உலகத்தில் சொந்தத் துவக்கு உடைந்ததற்குத் துள்ளிக் குதித்தவன் நானாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன்.

"அண்ணை! உங்கடை துவக்கு விழுந்திட்டுது. நான் நிக்கிறன்!"

அந்தப் பக்கத்தில் அவர் சிரித்தார், இருமல் வரும்வரை. "சந்தோசம் தம்பி, சந்தோசம்" என்றார். குரலைக் கேட்டால் என்னைவிட அவருக்குத்தான் சந்தோசம்.

வெற்றி வீரனாகப் போனை வைத்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"அந்த மனுசன் அண்டைக்கு உங்களை அவமானப்படுத்தாட்டி மூண்டாம் மாசமே அதை வித்திருப்பியள். அது அவருக்கும் தெரியும். அவரைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ, போங்கோ."