ஒரு குழாய்க்கு இருபத்தொரு பிளம்பர்

டில்லி மாநகரத்திலேயே, மொபைலை விரலால் தொடாமல் மொபைல் செயலியைச் சோதித்த ஒரே பிறவி எங்கள் கமாண்ட் அண்ணாச்சிதான்.

துவாரகாவில் இருந்த எங்கள் ஆபீசில், வீட்டுக்குப் பிளம்பரை வரவழைக்கும் செயலி ஒன்று தயாரித்தோம். நாங்களெல்லாம் பட்டன் பட்டனாக அமுக்கிப் பார்த்துக் கட்டைவிரல் வீங்கி உட்கார்ந்திருப்போம். அண்ணாச்சி கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டி என்டர் அடிப்பார். அலமாரியில் சாய்த்து வைத்த இருபத்தொரு போன்களும் பேய் பிடித்த மாதிரி தாமாகவே திறந்து, பிளம்பரைக் கூப்பிட்டு, திட்டி, மூடிக்கொள்ளும்.

"எதுக்கும்மா வெரலத் தேய்க்கிய? ஒரு வரி போதும்லா!" என்பார். பச்சையாக 'பாஸ்' என்று வந்தால்தான் டீ குடிப்பார். கேன்டீன் ராஜ்மாவுக்குத் தினமும் 'ஃபெயில்'.

அந்த வரியின் கடைசியில் சோதனை சர்வரின் பெயரைச் சேர்க்க வேண்டும். விட்டால் கட்டளை நிஜ சர்வருக்கே போய்விடும். ஒரு திங்கட்கிழமை, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முறுக்கை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் தட்டினார். முறுக்கு ருசியில் சர்வர் பெயர் விட்டுப்போயிற்று.

அரை மணியில் வாசலில் ரெஞ்சும் கையுமாக இருபத்தொரு பிளம்பர்கள்! "பையா, லீக் கஹாங் ஹை?" என்று, எங்கே ஒழுகுகிறது என்று கேட்டு ஒரே கூச்சல். ஆபீசில் இருப்பதோ ஒரே ஒரு குழாய். அதுவும் சொட்டவில்லை.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அண்ணாச்சியின் சோதனை, பிளம்பர் வந்து சேர்ந்ததுமே 'வேலை சரியில்லை' என்று புகாரும் கொடுக்கும். புகார் தீரும்வரை அவர்களுக்கு வேறு வேலை வராது. கூட்டத்தில் விழுப்புரத்துக்காரர் செல்வமும் ஒருவர்.

"இன்னா சார் இது? கொழாயவே இன்னும் பாக்கல, அதுக்குள்ள கம்ப்ளைன்ட்டா? நாளைக்கு வேல வராதே சார், நான் எங்க போவேன்?" என்றார், அழாத குறையாக.

சரிசெய்த குழாயின் படத்தை ஏற்றினால்தான் புகார் மூடும். "ஒரே படத்தை எல்லாருக்கும் போட்டுத் தொலையுங்கள்" என்று மேனேஜர் இந்தியில் கத்தினார்.

"செய்யாத வேலைக்கு பாஸா? நான் உசிரோட இருக்கையில நடக்காது!" அண்ணாச்சி ஒரு ரெஞ்சைப் பிடுங்கி, நல்ல குழாயைத் தளர்த்திவிட்டார். முதல் பிளம்பர் இறுக்கினார். படம். பாஸ். மறுபடி தளர்த்தினார். அடுத்தவர் இறுக்கினார். சாயங்காலம்வரை ஆபீசில் ஒருவரும் கை கழுவவில்லை.

இருபத்தொன்றாவது ஆள் செல்வம். அதற்குள் மரை தேய்ந்து, குழாய் கையோடு வந்துவிட்டது. பீய்ச்சியடித்த தண்ணீரை அண்ணாச்சி உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு நிற்க, செல்வம் ஓடிப்போய்ப் புதுக் குழாய் வாங்கிவந்து மாட்டினார். நான் அதையும் படமெடுத்து ஏற்றி, புகாரை மூடும் கட்டளையைத் தட்டினேன். பச்சை எழுத்து வந்தது.

சொட்டச் சொட்ட நனைந்த அண்ணாச்சி செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு வேலைக்குப் போவலாம்வே. தப்பு ஒம்ம மேல இல்ல, எம் மேல."

அந்த ஈரச் சட்டை மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.